வெளியார் கேட்ட வினாக்கள்: ஆங்கில இலக்கண வரலாற்றில் ஒரு பகுதி

ஆங்கிலம் கற்கும் மாணாக்கர் தம் ஆசிரியரிடம் எழுப்பும் இலக்கண ஐயங்கள் நாடுதோறும் பெரிதும் ஒன்றுபோலவே அமைகின்றன. முன்னிடைச்சொல்லைத் தொடரின் இறுதியில் நிறுத்தலாமா? 'ஷல்' வருமிடம் எது, 'வில்' வருமிடம் எது? 'இட் இஸ் ஐ' என்பதா, 'இட் இஸ் மீ' என்பதா? 'எவ்ரிஒன்' என்று தொடங்கியபின் 'ஹிஸ்' என்று தொடர்வதா, 'தேர்' என்று தொடர்வதா? பெயர்ச்சொல்லுக்கு முன் 'ஏ' வேண்டுமிடம் எது, 'தி' வேண்டுமிடம் எது, இரண்டும் வேண்டாத இடம் எது? வினாத்தொடரில் தனக்கென ஒரு பொருளும் இல்லாத 'டூ' வந்து நிற்பானேன்?

இவற்றையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்தி விடை கூறிச் செல்வது வகுப்பறை வழக்கம். ஆயினும் இவற்றின் தோற்றத்தை ஆராயப் புகுவார்க்கு இவை ஒரே வகையைச் சார்ந்தவை அல்ல என்பது விரைவில் புலனாகும். முதல் நான்கும் ஆங்கிலேயர் தமக்குள் மூன்று நூற்றாண்டுகளாக நடத்திவந்த வழக்காட்டின் எச்சங்கள். ஏனைய இரண்டும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் கேட்க வேண்டிய தேவையே இல்லாதவை. அயலிலிருந்து வந்தவர் கண்ணுக்கே அவை தென்பட்டன. முதல்வகை ஐயங்கள் கற்போருக்கு அச்சத்தைத் தந்தன. இரண்டாம்வகை ஐயங்களோ ஆங்கில இலக்கணத்தையே வளர்த்தன. இவ்வேறுபாடு நம் கல்விக்கூடங்களில் போதிய அளவு உணரப்படவில்லை.

இலத்தீன் அளவுகோல்

ஆங்கிலத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட முதல் இலக்கணம் வில்லியம் புல்லோக்கர் 1586இல் வெளியிட்ட சிறுநூலாகும். அந்நாளில் இங்கிலாந்தின் பள்ளிகளில் இலக்கணம் எனின் இலத்தீன் இலக்கணமே. வில்லியம் லிலியின் பெயரால் வழங்கிய பாடநூல் அரச ஆணையின் துணையோடு எங்கும் பயிலப்பட்டது. புல்லோக்கர் அந்நூலின் வார்ப்பிலேயே தம் தாய்மொழியையும் வார்த்தெடுத்தார். ஆங்கிலம் வரம்பற்ற பேச்சு, அதற்கென இலக்கணம் இல்லை என்று கற்றோர் இகழ்ந்த காலம் அது. அவ்விகழ்ச்சியைப் போக்கவே அவர் முயன்றார். ஆனால் தாய்மொழியின் பெருமையை நிறுவுவதற்கு அவர் கையிலெடுத்த சான்று, அது இலத்தீனை ஒத்திருக்கிறது என்பதே. வீரசோழியமும் பிரயோக விவேகமும் வடமொழி நெறியைத் தமிழின்மேல் பொருத்திக் காட்டிய வரலாற்றை அறிந்தவர்க்கு இப்போக்குப் புதிதாகத் தோன்றாது.

இவ்வழியிலிருந்து துணிந்து விலகியவர் ஜான் வாலிஸ். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் வடிவக் கணிதப் பேராசிரியர். முடிவிலியைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் குறியை 1655இல் முதன்முதல் கையாண்டவர். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1653இல், ஆங்கில இலக்கணம் ஒன்றை எழுதினார். முன்னையோர் இலத்தீனின் வேற்றுமைகளையும் காலங்களையும் இல்லாத இடத்தில் புகுத்தி ஆங்கிலத்தைக் குழப்பினர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆங்கிலம் வேற்றுமைப் பொருளை முன்னிடைச்சொற்களால் உணர்த்துகிறது, ஆதலின் பெயர்க்கு ஆறு வேற்றுமை கூறுதல் வீண் என்றார்.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வாலிஸின் நூல் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. அயல்நாட்டார் ஆங்கிலம் கற்க விழைந்தமையே அதனை எழுதக் காரணம் என்று அவரே முன்னுரையில் தெரிவிக்கிறார். உள்நாட்டாருக்காக எழுதியவர் ஆங்கிலத்தை இலத்தீனாகக் காட்ட முனைந்தார். வெளிநாட்டாருக்காக எழுதியவர் அதனை ஆங்கிலமாகவே காட்ட வேண்டியவரானார். ஏனெனில் இலத்தீனை முன்பே அறிந்த ஒருவனுக்கு, இலத்தீனிலிருந்து ஆங்கிலம் எங்கெங்கே வேறுபடுகிறது என்பதல்லவா தேவை?

தொடரிறுதியில் ஒரு சிறுசொல்

'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' என்னும் தொடரில் இறுதியில் நிற்கும் 'டு' பற்றிய தடை ஒரு கவிஞரால் பெயர் பெற்றது. ஜான் டிரைடன் 1672இல் எழுதிய ஓர் உரைநடைப் பகுதியில், முந்தைய தலைமுறையின் நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் ஓரடியைச் சுட்டி, முன்னிடைச்சொல் இறுதியில் நிற்பதைக் குறையாகக் கூறினார். தம் எழுத்திலும் அக்குறை உண்டு என்று ஒப்புக்கொண்டார். காரணம் எதுவும் கூறவில்லை. பென் ஜான்சனோ தாமே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதியவர். அது அவர் மறைந்தபின் 1640இல் அச்சாகியது. இலக்கணம் எழுதியவரையே இலக்கணப் பிழைக்காக ஒரு கவிஞர் கண்டித்தார் என்பது இவ்வரலாற்றின் சுவையான கூறு.

டிரைடன் சொன்னதோடு நிற்கவில்லை. 1668இல் வெளிவந்த தம் நாடகவியல் உரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, இறுதியில் நின்ற முன்னிடைச்சொற்களைத் தேடித்தேடி உள்ளே நகர்த்தினார். தம் ஆங்கிலத் தொடர் செம்மையானதா என்று ஐயுறும்போது அதனை இலத்தீனில் பெயர்த்துப் பார்ப்பதுண்டு என்றும் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறார். இலத்தீனில் முன்னிடைச்சொல் தன் பெயரைவிட்டுப் பிரிந்து தொடரிறுதியில் நிற்றல் இயலாது. அம்மொழியின் இயலாமை ஆங்கிலத்தின் குற்றமாயிற்று.

இதனை விதியாக்கியவர் எனப் பலரும் ராபர்ட் லௌத் என்னும் சமயத் தலைவரைச் சுட்டுவர். பின்னாளில் இலண்டன் பேராயராக உயர்ந்த அவர் 1762இல் வெளியிட்ட ஆங்கில இலக்கண முன்னுரை நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆனால் லௌத் மேல் சுமத்தப்படும் பழி அளவுக்கு மீறியது. இவ்வழக்கு உரையாடலில் மிகுதி, எளிய நடைக்குப் பொருந்தும் என்றே அவர் எழுதினார். உயர்நடையில் முன்னிடைச்சொல்லை முன்வைப்பது அழகு என்று மட்டுமே கூறினார். ஆங்கிலத்திற்கு இவ்வழக்கின்பால் நாட்டம் மிகுதி என்று சொல்லும் தொடரையே முன்னிடைச்சொல்லில் முடித்தார். அது குறும்பா, கவனக்குறைவா என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுவர். குறும்பே எனக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. அவர் சொல்லின் ஓசையும் அமைப்பும் உணர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்து, எபிரேயக் கவிதை அடிகள் ஒன்றையொன்று எதிரொலித்து இணைந்து செல்லும் முறையைத் தம் சொற்பொழிவுகளில் வெளிப்படுத்தி 1753இல் நூலாக்கியவர். அவிவிலியப் பாடல்களைக் கவிதையாகப் படிக்கும் நெறிக்கு இன்றும் அந்நூலே வாயில். அத்தகைய செவியுடையவர் தம் தொடர் எங்கே முடிகிறது என்பதை அறியாமல் எழுதியிருப்பாரா?

லௌத்துக்கு ஓராண்டு முன்பே, 1761இல், ஜோசப் பிரீஸ்ட்லியின் இலக்கணம் வெளிவந்துவிட்டது. பின்னாளில் உயிர்வளியைக் கண்டறிந்த அதே அறிவியலாளர்தாம் இவர். மக்கள் வழக்கே மொழிக்கு இறுதிச் சான்று என்பது அவர் கொள்கை. 'இட் இஸ் மீ' என்பதை வழக்கு நோக்கி ஏற்றார். லௌத்தோ இருத்தல் வினையின்பின் எழுவாய் வடிவமே வரவேண்டும் என்றார். இருவரில் வென்றவர் லௌத். ஏன் எனின், அக்காலத்தில் இங்கிலாந்தில் புதிதாகச் செல்வம் சேர்த்த நடுத்தர வகுப்பார் தம் பிள்ளைகளை உயர்குடியினரைப் போலப் பேசவைக்க விரும்பினர். அவர்களுக்கு வேண்டியது விளக்கம் அன்று. சரி, தவறு என்னும் தீர்ப்பு.

அத்தீர்ப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் லிண்ட்லி முரே. அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்து உடல்நலம் கருதி இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறிய அவர், அங்கிருந்த குவேக்கர் பெண்கள் பள்ளிக்கென 1795இல் எழுதிய இலக்கணம் இரு நாடுகளிலும் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. முன்னோர் நூல்களிலிருந்து திரட்டித் தொகுத்ததே அது. லௌத் தயங்கிச் சொன்னவையும் முரேயின் தொகுப்பில் சற்று இறுகின. அவருக்குப் பின்வந்த பள்ளிநூல்களில் முற்றும் இறுகிவிட்டன. 'டு' என்பதற்கும் வினைக்கும் இடையே பிறிதொரு சொல்லைச் செருகலாகாது என்னும் புகழ்பெற்ற தடை இவர்கள் காலத்தில் பரவலாகப் பேசப்படவில்லை என்பதும் அறியத்தக்கது. அது 1834இல் ஓர் அமெரிக்க இதழில் பெயர் வெளியிடாத ஒருவரால் எழுப்பப்பட்டு, 1864இல் ஹென்றி ஆல்ஃபோர்டின் நூலால் பரவியது. இலத்தீனே அதற்குக் காரணம் என்று பலர் கூறுவர்; எனினும் அதனைக் கண்டித்த பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இலத்தீனைச் சான்று காட்டியதாகத் தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் புதிய அகராதி ஒன்று 1998இல் அத்தடை தேவையற்றது என அறிவித்தபோது அது நாளேடுகளில் செய்தியாயிற்று.

நீரில் மூழ்கியவன் கதை

'ஷல்', 'வில்' பற்றிய விதியின் வரலாறு சற்று வேறுபட்டது. அதனை வகுத்தவர் முன்னே கண்ட வாலிஸ். தன்மையில் 'ஷல்' நிகழப்போவதை அறிவிக்கும், 'வில்' உறுதியோ அச்சுறுத்தலோ ஆகும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாகும் என்றார் அவர். அயல்நாட்டாருக்கு உதவும் எண்ணத்துடன் எழுதப்பட்ட இவ்விதி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்நாட்டாரின் குலம் அறியும் உரைகல்லாக மாறியது. ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் இவ்விரு சொற்களை இலண்டனாரைப் போல ஆள்வதில்லை. அதனாலேயே அவர்கள் நகையாடப்பட்டனர்.

அந்நாளைய இலக்கண நூல்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். அயலான் ஒருவன் நீரில் மூழ்கும்போது, தான் மூழ்கப்போவதையும் காப்பார் இல்லாமையையும் சொல்லிக் கதறுகிறான். கதறுமிடத்தில் 'ஷல்' வரவேண்டியதற்கு 'வில்' என்றும், 'வில்' வரவேண்டியதற்கு 'ஷல்' என்றும் மாற்றிச் சொல்லிவிடுகிறான். கரையில் நின்றவர்கள், இவன் மூழ்கவே உறுதி பூண்டுள்ளான், எவரும் காப்பாற்றலாகாது என ஆணையிடுகிறான் என்று பொருள்கொண்டு வாளாவிருந்துவிடுகின்றனர். கதையின் நாயகன் சில நூல்களில் பிரெஞ்சுக்காரன், சிலவற்றில் அயர்லாந்தினன் அல்லது ஸ்காட்லாந்தினன். எந்நூலிலும் அவன் இலண்டனாக இருப்பதில்லை. நகைச்சுவை என்றே இது சொல்லப்பட்டது. எனினும் பிறமொழியாளன் செய்யும் ஒரு சொற்பிழைக்கு உயிரையே விலையாகக் கற்பனை செய்து சிரித்த மனநிலை எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஃபவ்லர் உடன்பிறந்தார் 1906இல் எழுதிய நூலில், இவ்வேறுபாடு தென் இங்கிலாந்தினருக்கு இயல்பாகவே வாய்க்கிறது, அவ்வாறு பிறவாதவர் இதனைப் பயின்று அடைதல் அரிது என்று கூறி, அதன்பின்னும் பல பக்கங்களுக்கு விதிகளை விரித்தனர். அடைய இயலாதவர்க்கு எழுதிய விதிகள் அவை. 1925இல் சார்லஸ் ஃப்ரைஸ் என்னும் அமெரிக்க மொழியியலாளர் நாடகங்களின் உரையாடல்களில் இவ்விரு சொற்களும் வரும் இடங்களை எண்ணிக் கணக்கிட்டார். தன்மையிலும் 'வில்'லே மிகுதி என்பது தெரியவந்தது. இங்கிலாந்து நாடகங்களும் அக்கணக்கில் அடங்கும்.

ஆயின் இக்கணக்கு நம் பள்ளிகளை எட்ட நெடுங்காலமாயிற்று. 1835இல் மெக்காலேயின் குறிப்பு ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்தது. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் தோன்றியபின் ஆங்கிலத்தில் தேறாதவனுக்கு உயர்கல்வியின் கதவு திறக்கவில்லை. 1890களில் இந்தியக் கல்வித்துறையில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டின் இலக்கண வரிசையும், 1930களில் ரென், மார்ட்டின் இருவரும் சேர்ந்து எழுதிய உயர்நிலைப்பள்ளி இலக்கணமும் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டன. இவற்றின் பயிற்சிகளால் தெளிந்த உரைநடை கைவரப்பெற்றோர் பலர் என்பதை மறுத்தலாகாது. எனினும் 'ஷல்', 'வில்' வாய்பாடு இங்கிலாந்தில் பேச்சுவழக்கினின்று மறைந்துகொண்டிருந்த காலத்தில் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் மாணாக்கர் அதனை மனப்பாடம் செய்தனர். தவறினால் மதிப்பெண் இழந்தனர். ஆங்கிலேயரின் பழைய உள்வீட்டுச் சண்டையில் தோற்றவர்களாகத் தமிழ்ப் பிள்ளைகள் எண்ணப்பட்டனர்.

ஒருவரைப் பலராகச் சொல்லுதல்

'எவ்ரிஒன்' போன்ற ஒருமைச் சொல்லைத் 'தேர்' என்னும் பன்மையால் சுட்டலாமா என்ற வினா இவற்றுள் இன்றும் சூடு தணியாதது. சாசர், ஷேக்ஸ்பியர், ஜேன் ஆஸ்டன் ஆகியோர் அவ்வாறு தயக்கமின்றி எழுதியுள்ளனர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூகாசில் நகரில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்னும் அம்மையார் தம் இலக்கணத்தில், ஆண்பாற் சொல்லே இருபாலையும் குறிக்கும் என்று எழுதினார். ஆங்கில இலக்கணம் எழுதிய முதற்பெண்மணிகளுள் ஒருவர் பேனாவிலிருந்தே இக்கருத்து வந்தமை வியப்புக்குரியது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களின் சொற்பொருள் பற்றி இயற்றிய சட்டம் ஒன்றும் ஆண்பாற் சொற்கள் பெண்டிரையும் உள்ளடக்கும் என விதித்தது. பெண்கள் வாக்குரிமை கோரியபோது அச்சொற்கள் அவர்களை உள்ளடக்க மறுத்தன என்பது வேறு கதை.

'யூ' என்பதே முன்னாளில் பன்மைச்சொல். ஒருவரை மதிப்பாக 'யூ' என அழைத்தல் பரவியபோது, அது பொய்ம்மை என்று குவேக்கர் சமயத்தார் எதிர்த்தனர். ஒருமையையும் பன்மையையும் பிரித்தறியக் கற்பிக்கவென்று ஜார்ஜ் ஃபாக்ஸ் பிறருடன் சேர்ந்து 1660இல் ஒரு நூலே வெளியிட்டார். எதிர்ப்பு நிலைக்கவில்லை. இன்று 'யூ' ஒருமைக்கு வருவதை எவரும் பிழை என்பதில்லை.

தமிழ் மாணாக்கனுக்கு இவ்விடத்தில் அயன்மை தோன்றக் காரணமே இல்லை. 'அவர்' என்னும் பலர்பாற் சொல் ஒருவருக்கு உரியதாகி, பன்மைக்கு 'அவர்கள்' என மீண்டும் ஒரு விகுதி சேர்த்து, அதுவும் ஒருவருக்கே உரியதாகிவிட்ட மொழி நம்முடையது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஒருவரைப் பன்மையால் கூறுதல் வழக்கில் உயர்வு கருதி வருவது, இலக்கண நெறியால் அமைந்ததன்று எனப் பிரித்துக் காட்டினார். வழக்கையும் மறுக்கவில்லை, விதியையும் விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கணிகளிடம் பெரும்பாலும் காணக்கிடையாத நடுவுநிலை அது. ஆங்கிலத்திலோ விவாதம் இன்னும் தொடர்கிறது. ஆணாகவோ பெண்ணாகவோ தம்மைக் குறிக்க விரும்பாத ஒருவருக்கு வரும் 'தே' என்னும் பொருளை மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் சேர்த்து, அச்சொல்லையே அவ்வாண்டின் சொல்லாகவும் அறிவித்தது.

வெளியார்க்கே தெரிந்தவை

இனி, ஆங்கிலேயர் கேளாத வினாக்களுக்கு வருவோம்.

பெயருக்கு முன் நிற்கும் 'ஏ', 'தி' ஆகிய ஆர்ட்டிகிள்களைத் தாய்மொழியாளர் எவரும் பிழைபடச் சொல்வதில்லை. ஆதலின் அவர்களைத் திருத்த எழுந்த இலக்கணங்கள் அவற்றைச் சில பக்கங்களில் முடித்துவிட்டன. தமிழர், சீனர், ஜப்பானியர், உருசியர் ஆகியோருக்கோ இதுவே முதல் மலை. 'சூரியன்' எனின் 'தி' வேண்டும், 'இயற்கை' எனின் வேண்டா. மருத்துவமனைக்கு நோயாளியாகச் செல்பவனுக்குப் பிரிட்டனில் 'தி' வேண்டா, அமெரிக்காவில் வேண்டும். இத்தனைக்கும் 'தி' பழைய சுட்டுச்சொல்லின் வழிவந்தது. 'ஏ' என்பது 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயரின் தேய்வு. 'அந்த ஊர்', 'ஒரு ஊரில்' என்று கதை சொல்லும் தமிழ்ப் பாட்டியும் அவ்வழியில் பாதி தொலைவு சென்றவரே. கட்டாயமாக்கல் மட்டும் தமிழில் நிகழவில்லை. ஆர்ட்டிகிள்களுக்கெனத் தனியே ஒரு விரிவான ஆராய்ச்சி நூல் 1939இல் வெளிவந்தபோது அதனை எழுதியவர் பால் கிறிஸ்டோஃபர்சன். அவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். அவருடைய தாய்மொழியில் 'தி' என்பதற்கு நிகரானது பெயரின் பின்னே ஒட்டாக வரும். மாறுபட்ட ஒன்றைத் தன் மொழியில் உடையவனுக்கே மற்றதன் இயல்பு கேள்வியாகிறது.

'டூ' பற்றியும் இதுவே நிலை. பழைய ஆங்கிலத்தில் வினாவெழுப்ப வினைச்சொல்லை முன்னே நகர்த்தினால் போதும். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் 'டூ' மெல்லமெல்ல நுழைந்தது; ஷேக்ஸ்பியரில் இருமுறையும் கலந்து வரும்; 1700ஐ ஒட்டி இன்றைய வடிவம் பெரிதும் நிலைபெற்றது. வேல்சு மொழியின் சார்பால் வந்தது என்று சிலர் கருதுவர். அதனை அனைவரும் ஏற்பதில்லை. எவ்வாறாயினும் இவ்வளர்ச்சியை நூற்றாண்டு வாரியாக எடுத்துக்காட்டுகளை எண்ணி வரைந்து காட்டியவர் ஆல்வார் எல்லெகோர்ட் என்னும் சுவீடன் நாட்டறிஞர், ஆண்டு 1953.

இவர்கள் தனியர் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலத்தின் பேரிலக்கணங்களை எழுதியோர் பெரும்பாலும் ஆங்கிலேயர் அல்லர். டென்மார்க்கின் ஓட்டோ எஸ்பர்சன் 1909இல் தொடங்கிய வரலாற்று இலக்கணம் அவர் மறைவுக்குப் பின் 1949இல் ஏழாம் தொகுதியோடு நிறைவெய்தியது. ஒல்லாந்தில் பவுட்ஸ்மாவும் குரூசிங்காவும் பல தொகுதிகள் எழுதினர். இவர்கள் ஆங்கிலத்தைக் கற்றவர்கள், கற்பித்தவர்கள். மாணாக்கரின் ஐயங்களை நாள்தோறும் எதிர்கொண்டவர்கள். தமிழுக்கும் இத்தகைய பட்டறிவு உண்டு. சீகன்பால்குவின் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தமிழ்ப்புலவர் இலக்கணம் எழுதத் தகாததாகக் கருதிய பேச்சுத்தமிழுக்கு விதி கேட்டவர்கள் அயலார். அதை அறியாமல் அவர்களால் தெருவில் ஒருவரோடு பேச முடியாது.

ஆசிய வகுப்பறைகள்

ஐரோப்பிய அறிஞரின் நூல்கள் ஆய்வாளருக்கு உரியவை. கற்போரின் அன்றாட வினாக்களைக் கருவியாக்கிய பணி பெரிதும் ஆசியாவில் நிகழ்ந்தது. டாக்காவில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர் ஆங்கிலப் பாடநூலின் சொற்பெருக்கில் திணறுவதைக் கண்டு, மிகுதியாகப் பயிலும் சொற்களை முதலில் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1935இல் வெளிவந்த அவரது அகராதி 1490 சொற்களை மட்டுமே கொண்டு ஏனைய சொற்களுக்குப் பொருள் கூறியது.

ஹெரால்ட் பால்மர் 1922இல் ஜப்பான் சென்று, அடுத்த ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தலைமையேற்று நடத்தலானார். 1924இல் அந்நாட்டிற்கு ஆசிரியராக வந்த ஏ. எஸ். ஹார்ன்பி பின்னர் அப்பணியில் இணைந்தார். ஜப்பானிய மாணாக்கர் கேட்டவை எளிய வினாக்கள். 'டெல் மீ' சரி என்றால் 'எக்ஸ்பிளெய்ன் மீ' ஏன் தவறு? 'அட்வைஸ்' என்பதற்குப் பன்மை ஏன் இல்லை? தமிழ் மாணாக்கனும் கேட்பவையே இவை. 'எனக்குச் சொல்', 'எனக்கு விளக்கு' எனத் தமிழில் இரண்டும் நான்காம் வேற்றுமையே கொள்கின்றன. அறிவுரைகள் பல கூறலாம். 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் பேரகராதியைப் புரட்டினும் இவ்வினாக்களுக்கு விடை இராது. அவற்றுக்கு விடை தேவைப்படுவோரை அவர் மனத்திற் கொள்ளவில்லை.

ஹார்ன்பியும் அவருடைய இரு துணைவரும் தொகுத்த அகராதி எண்ணத்தகும் பெயர் எது, எண்ணலாகாப் பெயர் எது எனக் குறியிட்டுக் காட்டியது. ஒவ்வொரு வினையும் எவ்வெத் தொடரமைப்பை ஏற்கும் என்பதை எண்ணிட்ட வாய்பாடுகளால் தெரிவித்தது. 1942இல், ஆங்கிலம் பகைவர் மொழி என இகழப்பட்ட போர்க்காலத்தில், டோக்கியோவில் அது வெளிவந்தது. ஆறாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அதனைத் தன் பெயரில் மறுபதிப்பிட்டது. இன்று நம் கல்லூரி மாணவர் கையிலிருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் பேரகராதிக்கு அதுவே தாய்.

1985இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வர் எழுதிய ஆயிரத்து எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட முழுமைப் பேரிலக்கணத்தில் நான்காமவர் சுவீடனைச் சேர்ந்தவர். அதே ஆண்டில் வந்த ரேமண்ட் மர்ஃபியின் பயிற்சிநூல் பெயர், வினை என்னும் பழைய பகுப்பை விட்டு, கற்போன் இடறும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டிரண்டு பக்கங்களில் விளக்கியது. நேற்று நடந்ததற்குப் 'பிரசன்ட் பெர்ஃபெக்ட்' ஏன் வாராது என்பது அவ்விடங்களுள் ஒன்று. 'நேற்று வந்திருக்கிறான்' என்று இயல்பாகச் சொல்லும் தமிழனுக்கு அது உண்மையான ஐயம். முரேயின் நூலில் அதற்கு விடை தேடி அவன் தன் பிழைக்குக் காரணம் கண்டிருக்க இயலாது.

மைக்கேல் ஸ்வான் 1980இல் வெளியிட்ட ஆங்கில வழக்குநூல் இன்னும் ஒருபடி சென்றது. கற்போர் கேட்கும் வினாக்களையே தலைப்புகளாக்கி அகரவரிசையில் அடுக்கியது. அதில் ஆர்ட்டிகிள்களுக்குப் பகுதிகள் பல. 'ஷல்', 'வில்' வேறுபாட்டுக்குச் சிறிதளவே இடம். தொடரிறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல் அங்கே குற்றமாகப் பேசப்படவில்லை. எப்போது அவ்வாறு நிற்கும் என்பது எடுத்துக்காட்டுகளோடு கற்பிக்கப்படுகிறது.